பிரிந்த பின், வேர் பிடிக்கும் முன்

விடிவதற்கு முன்பே பூப்பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, பாலும் கறந்து ஊற்றிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வேளாண்மை படிக்கும் தம்பி தங்கைகளே!

கால்நடை வளர்ப்பின் அடிப்படையும், பூச்செடி அழகுச்செடிகளைப் பெருக்கும் முறையும் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு பெரிய பாடங்கள். ஆனால் இந்த நிலக்கோட்டை வட்டாரத்தில் அவை ஒரே வீட்டில்தானே இருக்கின்றன? முன்பக்கம் மல்லிகைக் காடு, பின்பக்கம் மாட்டுக் கொட்டகை. ஒரே கை காலையில் பூவையும் பறிக்கிறது, மடியையும் கழுவுகிறது. அதனால் நானும் இரண்டையும் ஒன்றாகவே பேசப் போகிறேன்.

நான் பேச வந்தது ஓர் இடைவெளியைப் பற்றி.

கன்று தாய் வயிற்றை விட்டு வெளியே வந்துவிட்டது. நோயை எதிர்க்கும் சக்தி அதன் இரத்தத்தில் இன்னும் சேரவில்லை. குச்சியைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிட்டோம். தண்ணீர் உறிஞ்ச அதற்கு இன்னும் வேர் வரவில்லை. பிரிந்தாயிற்று, ஆனால் தன் காலில் நிற்கத் தொடங்கவில்லை. கன்றுகளை நாம் அதிகம் பறிகொடுப்பது எப்போது? இந்த இடைவெளியில். நாற்றுகள் கருகுவது எப்போது? இந்த இடைவெளியில். பண்ணை அறிவியலில் எத்தனையோ அதிகாரங்கள் உண்டு. எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல்ல நேரம் கொடுத்தால், இதைத்தான் சொல்வேன்.

முதலில் கன்றைப் பார்ப்போம்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டு வருகிறது. மாட்டுக் கன்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு அவற்றைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. எருமைக்கும் இதே நிலைதான், ஆட்டுக்கும் இதே நிலைதான். அப்படியானால் கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? சீம்பாலிலிருந்து. மஞ்சளாக, கெட்டியாக, மடியில் முதலில் இறங்குகிறதே அந்தப் பாலில்தான் தாய் தன் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கான எதிர்ப்புப் பொருள்கள் திரண்டிருக்கின்றன.

இதில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது, தாய்மார்களே. பிறந்த கன்றின் குடல் அந்த எதிர்ப்புப் பொருள்களை அப்படியே இரத்தத்துக்குள் விடும். ஆனால் அந்தக் கதவு மணிக்கு மணி சாத்திக்கொண்டே வரும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் முழுவதும் மூடிவிடும். அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் ஊற்றினாலும் அது வெறும் உணவுதான், கவசம் ஆகாது. எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பாதியை முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மீதி பன்னிரண்டு மணி நேரத்துக்குள்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? "இளங்கொடி விழட்டும், அப்புறம் பால் பீச்சலாம்" என்று காத்திருக்கிறோம். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழ ஆறு மணி நேரம் ஆகலாம், எட்டு மணி நேரம் ஆகலாம். அதுவரை கன்று பசியோடு கிடக்கிறது. கதவு சாத்திக்கொண்டே வருகிறது. நான் கால்நடை மருத்துவராக ஊர் ஊராகப் போன காலத்தில், பத்து நாள் கன்று கழிந்து கழிந்து துவண்டு கிடக்கும்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, "சீம்பால் எப்போ கொடுத்தீங்க?" என்பதுதான். "கொடி விழுந்தப்புறம் சார்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். அந்தக் கன்றுக்கு நான் ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலைவிட, பிறந்த அன்று அரை மணி நேரத்தில் அது குடித்திருக்க வேண்டிய ஒரு லிட்டர் பால் பெரிய மருந்து.

இன்னொன்றும் கேளுங்கள். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற சுரப்பு ஊறுகிறது. மடியில் பாலை இறக்குவது அதுதான். கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதுதான். கொடி விழுந்தால்தான் கன்றை விடுவோம் என்கிறோம். கன்றை விட்டால் கொடி விழுவதற்கே உதவும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் கொடி தொங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும், கையால் பிடித்து இழுப்பதும் வேண்டவே வேண்டாம். கருப்பை கிழிந்து புண்ணாகும். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நமக்கு உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடும் பால் வடிக்கும் என்பது நம்பிக்கை. நாயும் மாடும் அதைத் தின்றுவிடாமல் காத்த அளவில் அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கம் கொடுத்து அனுப்புவதும் அழகான வழக்கம். கொடுங்கள். கன்று வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள்.

கன்று உலகத்தோடு பேசும் இன்னொரு வாசல் அதன் தொப்புள். ஈரமாகத் தொங்கும் அந்தக் கொடி வழியாகக் கிருமி நேராக உள்ளே போகும். இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, மீதியை வெட்டி, டிங்சர் அயோடினில் முக்கி எடுக்க வேண்டும். சாணமும் மூத்திரமும் தேங்கிய தரையில் கன்றைப் போடக் கூடாது; உலர்ந்த வைக்கோல் பரப்புங்கள். பத்து நாள் வாக்கில் குடற்புழு மருந்து. எருமைக் கன்றுக்கு இது இன்னும் முக்கியம். புழுவின் குட்டி தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். இவ்வளவுதான் முதல் பத்து நாள் பாடம். பெரிய செலவு எதுவும் இல்லை.

சரி, பத்து நாள் தாண்டிவிட்டது. இடைவெளி முடிந்துவிட்டதா? இல்லை. கன்றுக்கு வயிறு இன்னும் பிறக்கவில்லை!

மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிறந்த கன்றுக்கும் நான்கு உண்டு. ஆனால் முதல் அறையான பெருவயிறு சின்னதாக, சுருங்கிக் கிடக்கும். குடிக்கும் பால் அதற்குள் விழாமல் ஒரு மடிப்புக் கால்வாய் வழியாக நேராகக் கடைசி அறைக்குப் போய்விடும். அந்த வயதில் கன்றின் வயிறு ஏறக்குறைய நம் வயிறு மாதிரிதான். இரண்டாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கன்றுத் தீவனமும், தண்ணீரும், இளம் புல்லும் கண்ணில் படும்படி வையுங்கள். நக்கும், கடிக்கும், துப்பும். கவலைப்படாதீர்கள். அப்படி உள்ளே போகிற தீவனத்தில்தான் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவை வெளியிடும் அமிலங்கள்தான் பெருவயிற்றின் சுவரை வளர்க்கின்றன. மூன்று மாத வாக்கில் அது அசைபோடும் மாடாகிவிடுகிறது.

வளர்ந்த பெரிய பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு வைக்கோலைத் தின்கிறது என்கிறோம். உண்மையில் வைக்கோலைச் செரிப்பது மாடு இல்லை. அதன் பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நாம் உணவு போடுகிறோம், அவை மாட்டுக்குப் போடுகின்றன. ஆகவே, தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். பழைய தீவனத்தோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனை வாசலில் கூட்டம் நிற்கும், பார்த்திருக்கிறீர்களா? பாசம்தான் காரணம். வருடம் முழுவதும் உழைத்த மாடு என்று பானைச் சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் வாழைப்பழத்தையும் அள்ளி அள்ளி ஊட்டிவிடுகிறோம். குழைந்த சோறு பெருவயிற்றில் விறுவிறுவென்று புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் ஏற ஏற, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது, வயிறு கனக்கிறது, படுத்துவிடுகிறது. சில மாடுகள் எழுந்திருப்பதே இல்லை. கொம்புக்கு வர்ணம் பூசுங்கள், மாலை போடுங்கள், கற்பூரம் காட்டுங்கள். பொங்கலை ஒரு கைப்பிடி, இலையில் வைத்து, சாமி பிரசாதமாகக் கொடுங்கள். போதும்.

இந்தக் கன்று எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசுவுக்குப் பருவச் சுழற்சி 21 நாள். பருவத்துக்கு வந்த மாடு கத்தும், தீவனம் எடுக்காது, கண்ணாடி போன்ற சளி ஒழுகும், மற்ற மாடு தன் மேல் தாவினால் அசையாமல் நிற்கும். காலையில் இந்த அறிகுறி கண்டால் மாலையில் சினை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. கருமுட்டை வெளிவருவது பருவ அறிகுறிகள் அடங்கிய பிறகுதான் என்பதால் இந்தக் கணக்கு. அந்த ஊசியில் செலுத்தும் உறைவிந்து திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. எடுத்த பிறகு வெயிலில் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150. கடைசி இரண்டு மாதம் பால் கறப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த ஓய்வில்தான் மடி, அடுத்த சீம்பாலுக்குத் தயாராகிறது.

இப்போது கொட்டகையிலிருந்து தோட்டத்துக்கு வருவோம். வரும் வழியில் ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் மாடும் மல்லிகையும் பிரிகின்றன.

உங்கள் பசு எவ்வளவு நல்ல பசுவாக இருந்தாலும், அதே பசுவை நீங்கள் மறுபடி பெற முடியாது. கன்று என்பது தாயில் பாதி, காளையில் பாதி, புதிய உயிர். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கிறோம். நிறமே இப்படி என்றால், பால் எவ்வளவு, குணம் எப்படி என்று பிறந்த அன்று யார் சொல்ல முடியும்? அதனால்தான் பொலிகாளையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அதனால்தான் ஒரே கிடாவை மந்தையில் ஆண்டுக் கணக்கில் வைத்திருந்து, அதன் மகளோடும் பேத்தியோடும் சேரவிட்டால் குட்டிகள் மெலிகின்றன. கிடாவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொண்டாலும் சரி.

மல்லிகை அப்படியா? நம் குண்டுமல்லி பொதுவாக விதை பிடிப்பதில்லை. டெல்லி கனகாம்பரத்துக்கு இரண்டு தொகுதி இருக்க வேண்டிய குரோமோசோம் மூன்று தொகுதி இருக்கிறது, விதையே உருவாகாது. பிறகு எப்படி ஊரெல்லாம் பரவின? குச்சியால். உங்கள் தோட்டத்து மல்லிகைச் செடி, யாரோ ஒருவர் எங்கோ வைத்த செடியின் கிளை. அதற்கு முன் இன்னொன்றின் கிளை. மண் மாறியது, கை மாறியது, உயிர் ஒன்றே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மணம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவதற்கு மண்ணும் காற்றும் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

ஸ்காட்லாந்தில் 1996-இல் டாலி என்ற செம்மறி ஆட்டை நகலாகப் பிறக்க வைத்தார்கள். 277 முயற்சியில் ஒரே ஒரு குட்டி. 2009-இல் நம் கர்னால் ஆய்வு நிலையத்தில் எருமைக் கன்றையும் அப்படிப் பிறக்க வைத்தார்கள். உலகமே வியந்தது; வியக்க வேண்டியதுதான். அதே நேரத்தில் ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில், மணல் பாத்தியில் குந்தி உட்கார்ந்து மல்லிகைக் குச்சிகளை வரிசை வரிசையாக ஊன்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு முழுக்க மல்லிகை நாற்று அங்கிருந்து போகிறது. அவர்கள் ஊன்றும் ஒவ்வொரு குச்சியும் தாயின் நகல்தான். அந்தக் கைகளுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கத்தைச் சொல்கிறேன்.

குச்சியை வெட்டியதும் என்ன நடக்கிறது? வேர் இல்லை, தண்ணீர் வரத்து நின்றுவிட்டது. ஆனால் இலைகள் சும்மா இருக்குமா? நிமிடத்துக்கு நிமிடம் ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு இல்லை, செலவு நிற்கவில்லை. இதுதான் குச்சியின் சீம்பால் நேரம்! நாம் செய்ய வேண்டியது செலவைக் குறைப்பது. கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள், மேல் இலைகளைப் பாதியாக நறுக்குங்கள், நிழல்வலைக்குக் கீழே வையுங்கள், காற்றில் ஈரம் இருக்கும்படி பனிபோலத் தண்ணீர் தெளியுங்கள்.

அப்படியானால் இலையே இல்லாமல் மொட்டையாக நட்டால் நல்லதா? மல்லிகை போன்ற செடிகளுக்கு அது நல்லதல்ல. ஏன்? வேரை வரவழைக்கும் ஆக்சின் என்ற பொருள் இளம் இலையிலும் மொட்டிலும்தான் உருவாகிறது. ஃபிரிட்ஸ் வென்ட் என்ற ஆய்வாளர் ஹாலந்து நாட்டில் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி, ஒரு கூழ்த் துண்டின் மேல் வைத்து, நுனியிலிருந்து அதில் இறங்கிய பொருளே செடியை வளர வைக்கிறது என்று 1928-இல் எழுதினார். அந்தப் பொருள் மேலிருந்து கீழே இறங்கும். குச்சியின் வெட்டுவாயில் வந்து தேங்கும். அங்கே செல்கள் பெருகி, காயம் ஆறி, கணுவுக்குப் பக்கத்தில் வேர் முளைக்கும். இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ., என்று கடைகளில் விற்கும் வேர்த்தூள் இந்த ஆக்சினின் உறவுதான்.

மேலிருந்து கீழே என்றேன் அல்லவா? குச்சிக்குத் தலையும் காலும் தெரியும். தலைகீழாக ஊன்றினால் அதன் கால் பக்கம் மேலே நின்று வேர்விடப் பார்க்கும். மண்ணுக்குள் இருக்கும் தலை அழுகும். அதனால்தான் அனுபவப்பட்ட நாற்றுப் பண்ணைக்காரர்கள் கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுகிறார்கள். கட்டுக் கட்டாகக் குச்சி வரும்போது எது கால் என்று குழப்பம் வராது.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் பக்குவம் வேண்டும். பிஞ்சாக இருந்தால் வாடிவிடும். முற்றிப் போயிருந்தால் வேர்விடச் சோம்பும். பென்சில் பருமன், மூன்று நான்கு கணு, ஒரு சாண் நீளம். செம்மண், மணல், மட்கிய தொழு உரம். பச்சைச் சாணம் வேண்டாம். அது மட்கும்போது சூடாகும், வேரைச் சுடும், புழுவையும் கூட்டிவரும். தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சேறாக்கவும் வேண்டாம். வேர் மூச்சுவிட வேண்டும்.

குச்சிக்குப் பிரிவு முதலில், வேர் பிறகு. பதியனுக்கு வேர் முதலில், பிரிவு பிறகு. எனக்குப் பதியன் முறை மேல் தனி அன்பு உண்டு. மல்லிகையில் நீண்ட கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, நுனியை வெளியே விடுகிறோம். தாயோடு ஒட்டிக்கொண்டே அது தனக்கு வேர் தேடிக்கொள்கிறது. குரோட்டன்ஸ் போன்ற நிமிர்ந்த செடிக்கு விண்பதியன். கிளையைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை உரித்து, ஈரப்பாசி வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுகிறோம். பட்டை போனாலும் உள்ளே இருக்கும் கட்டை வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும். இலை தயாரித்த சர்க்கரையும் ஆக்சினும் கீழே இறங்க வழி இல்லாமல் வளையத்துக்கு மேலே தேங்கும். தேங்கிய இடத்தில் வேர் வரும். தாள் வழியாக வெள்ளை வேர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வெட்டுங்கள். தாய் பாலை நிறுத்தும் முன்பே பிள்ளை சோறு தின்னப் பழகிவிட்டது!

ரோஜாவில் மொட்டுக் கட்டுதலைப் பற்றி ஒரு சொல். முரட்டு வேர்கொண்ட நாட்டு ரோஜாவின் பட்டையில் ஆங்கில டி எழுத்துப் போலக் கீறி, நமக்குப் பிடித்த ரகத்தின் ஒரே ஒரு மொட்டைச் செருகிக் கட்டுகிறோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். இரண்டின் படலமும் தொட்டால்தான் ஒட்டும். மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். பிறகு, கட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை எல்லாம் கிள்ளிவிடுங்கள். "நான் வாங்கினது சிவப்பு ரோஜா, இப்ப வேற பூ பூக்குது" என்று வருத்தப்படுபவர்கள் கீழ்த் தளிரை வளரவிட்டவர்கள்தான்.

நகல் என்றால் நல்லது மட்டும் நகலாவதில்லை. தாய்ச்செடியில் நோய்க்கிருமி இருந்தால் குச்சிக்குக் குச்சி அது போகும். மல்லிகையில் பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலை போல விரிந்து நிற்கும் நோயைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியில் குச்சி எடுக்காதீர்கள். பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ வந்த நாற்றை வாங்காதீர்கள். முடிந்தால் பூத்துக் குலுங்கும் பருவத்தில் போய்த் தாய்ச்செடியை நேரில் பாருங்கள். பசு வாங்கப் போனால் மடியைத் தொட்டுப் பார்க்காமல், இரண்டு வேளை கறந்து பார்க்காமல் முன்பணம் கொடுப்பீர்களா?

கடைசியாக ஒன்று. இரண்டு தொழிலும் ஒரே முற்றத்தில் நடப்பதால் வரும் ஆபத்து. அரளி. கவாத்து செய்த கிளையை வேலியோரம் எறிகிறோம். அவிழ்ந்த கன்றோ ஆடோ மேய்கிறது. அரளியின் இலை, தண்டு, பூ எல்லாம் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த பிறகும் அந்த நஞ்சு போகாது. பச்சையில் கசப்பால் ஒதுக்கும் மாடு, காய்ந்த சருகு வைக்கோலோடு கலந்து வந்தால் தின்றுவிடும். ஒரு கைப்பிடி போதும், உயிர் போக. கவாத்துக் கழிவைத் தனியாகக் குழியில் போட்டு மூடுங்கள். அதேபோல், மருந்தடித்த மல்லிகைக் காட்டில் களை பிடுங்கி அன்றைக்கே மாட்டுக்குப் போடாதீர்கள்.

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறார்கள். மல்லிகைக் குச்சி, குரோட்டன்ஸ் கிளை, ஈரப்பாசி, கத்தி எல்லாம் இருக்கின்றன. தம்பி தங்கைகள் முதலில் வாருங்கள். ஆளுக்கொரு விண்பதியன் கட்டிப் பழகுவோம். வீட்டில் சினைமாடு இருக்கும் தாய்மார்கள், எத்தனை மாதம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கன்று ஈனும் நாளைக் கணக்குப் போட்டு எழுதித் தருகிறேன்.